மூக்கர் வாங்கிய கேமரா

எனக்கு முக்கால்வாசி விஷயங்களைப் பார்த்தால் குமட்டும். பிறவிக் குணம் இல்லை, உத்தியோகம் கொடுத்த வரம். ஊர் ஊராகப் போய்ச் சமையலறைகளைப் பரிசோதிக்கும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாக ரிப்போர்ட் தயாரிக்கிறேன். ஆஸ்பத்திரி கேன்டீன், மாணவர் விடுதி, தொழிற்சாலை மெஸ் என்று நூறு பேருக்கு மேல் சாப்பிடும் இடங்களுக்கு எங்கள் இன்ஸ்பெக்டர்கள் போவார்கள். படம் எடுப்பார்கள், குறிப்பு எழுதுவார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அந்தப் படங்களைப் பெரிய திரையில் திறந்து, வெட்டி, வரிசைப்படுத்தி, கீழே ஒவ்வொரு வரி எழுதி அச்செடுப்பேன். கடைசிப் பக்கத்தில் ‘தயாரித்தவர்’ என்று என் பெயர் இருக்கும். மதியம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்துத்தான் எவனாவது ஒருத்தன் பிசுக்கு அடைத்த சாக்கடைக் குழாயைப் படம் எடுத்து அனுப்புவான். டப்பாவை மூடிவிடுவேன்.

அந்த எவனோ ஒருத்தன் பெரும்பாலும் மூக்கர்தான்.

மூக்கர் எங்கள் இன்ஸ்பெக்டர்களில் மூத்தவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர், அதனால் நான் அவருக்கு அக்கா, அவர் எனக்குத் தம்பி. வாசலில் நின்றே உள்ளே என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை எங்கள் மேனேஜர் அறைக்குள் நுழைந்ததும் நின்று, “சார், உங்க மேஜைக்குள்ள பழைய பால் இருக்கு” என்றார். மேனேஜருக்கு முகம் சிவந்துபோனது. கீழ் டிராயரில், போன மாதம் யாரோ கொடுத்த பால் இனிப்பு பச்சைப் பூசணம் பூத்து இருந்தது. அன்றிலிருந்து பெயர் நிலைத்துவிட்டது.

ஆள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒடிசலான உடம்பு, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, தோளில் ஒரே ஒரு பை. பையில் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல், டார்ச், இரண்டு ஜோடி காலுறை, ஒரு சோப்பு. மாதத்தில் இருபது நாள் பஸ்ஸிலும் ரயிலிலும்தான் குடித்தனம். வெளியே எங்கே போனாலும் வாழைப்பழம், ஆரஞ்சு, அவித்த முட்டை. தோலோடு வருவதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். “கடவுளே பேக் பண்ணி அனுப்பினதுக்கா, அதுல மனுஷன் கை படல” என்பார். அவர் மனைவி தையல்காரி, வாய் கொஞ்சம் நீளம். குடும்பத்தோடு ஒரே ஒரு தடவை மலைப்பக்கம் சுற்றுலா போனார்களாம். திரும்பி வந்து பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு படம். அதில் அந்த அம்மாள் இருப்பது ஒன்பதில். மீதி எல்லாம் தங்கிய ஹோட்டலின் பின்வாசல், குப்பைத் தொட்டி, பாத்திரம் கழுவும் இடம். “இவரைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு கரப்பான்பூச்சியாப் பொறந்திருந்தா நூறு படத்துலயாவது இருந்திருப்பேன்” என்று என்னிடம் சொன்னாள்.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. பதினேழு வயதில் ஒரு ரயில் நிலைய கேன்டீனில் பாத்திரம் கழுவினார். ஒரு நாள் பருப்பு அண்டாவில் பல்லி விழுந்தது. சமையல்காரர் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு கிண்டு கிண்டி, பரிமாறச் சொல்லிவிட்டார். மூக்கர் பரிமாறினார். வாயைத் திறக்கவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்வார். ஆனால் ஒரு பெரியவர் “தம்பி, இன்னும் கொஞ்சம் பருப்பு” என்று தட்டை நீட்டியதை மட்டும் முப்பது வருஷம் கழித்தும் அவரால் மறக்க முடியவில்லை. அதற்கப்புறம் தபாலில் படித்து, பரீட்சை எழுதி, இந்த வேலைக்கு வந்தார்.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம். படத்தில் தெரியாத குறை, குறை இல்லை. இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்தேன், மூக்கால் முகர்ந்தேன் என்று கரடியாய்க் கத்தினாலும் படம் இல்லையென்றால் அந்த வரியை மேனேஜர் அடித்துவிடுவார். சட்டம் போட்டவன் வாழ்நாளில் ஒரு சமையலறைக்குள் போயிருக்கமாட்டான். அழுக்கு என்ன கல்யாணப் பெண்ணா, வெளிச்சத்தில் வந்து உட்கார? அலமாரிக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், மாவு மூட்டைகளுக்கு நடுவில் இருக்கும். அங்கே பிளாஷ் போட்டால் எண்ணெய்ப் பிசுக்கிலும் எவர்சில்வரிலும் பட்டு, படம் முழுக்க வெள்ளையாய் வெளுத்துப்போகும். பூச்சிகளும் ஓடிவிடும். ஒரு கையில் அளவுக்கு ஸ்கேல், இன்னொரு கையில் கேமரா. டார்ச் பிடிக்க மூன்றாவது கை இல்லை. கொஞ்ச நாள் மூக்கர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எடுத்தார். ஒரு மெஸ்ஸில் அது வாயிலிருந்து நழுவி எச்சில் டிரம்முக்குள் விழுந்தது. கைவிட்டு எடுத்துக் கழுவினார். அதை இன்னொரு தடவை வாயில் வைப்பதா? அத்தோடு அந்த வித்தையை விட்டுவிட்டார்.

கம்பெனி கொடுத்திருந்தது ஒரு பழைய போன். வெளிச்சம் குறைந்தால் அது படத்தைத் தானாகவே வழவழவென்று ஆக்கிவிடும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மனுஷ முகத்துக்குப் பவுடர் பூசக் கண்டுபிடித்த புத்தி அது. பூசணத்துக்கும் பவுடர் பூசும்.

இப்போது என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். பத்தொன்பது வயது, நர்சிங் படிக்கிறாள். ஆறு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் ஊரில், கல்லூரி விடுதியில் தங்கல். அந்த விடுதி மெஸ்ஸையும் எங்கள் கம்பெனிதான் பரிசோதித்தது. மூக்கர் போனார், வந்தார். ‘மாவு டிரம் மூடியிலும் அடியிலும் எலிப் புழுக்கை, பின்சுவரில் பூசணம்’ என்று குறிப்பு எழுதியிருந்தார். ரிப்போர்ட்டில் இருந்த படத்தை மேனேஜர் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். மூடி வெள்ளையாக இருந்தது. சுவர் வெள்ளையாக இருந்தது. அந்த வரியை அடித்தார், மெஸ் பாஸ். மெஸ்ஸை நடத்தும் கான்ட்ராக்டர் அதோடு விடவில்லை. பரிசோதனை அன்று மூக்கர் நேரில் காட்டிய குறிப்பை வைத்து, ‘இல்லாத குறையை எழுதி எதையோ எதிர்பார்க்கிறார் உங்கள் ஆள்’ என்று புகார் கொடுத்தான். மூக்கருக்கு மெமோ வந்தது. இத்தனை வருஷத்தில் போன இடத்தில் ஒரு டீ வாங்கிக் குடிக்காத மனுஷனுக்கு லஞ்சப் பழி.

நான் என்ன செய்தேன்? சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. அவர் மீது எரிந்து விழுந்தேன். “ஒரு படத்தை ஒழுங்கா எடுக்க வராதா தம்பி? இத்தனை வருஷமா என்னதான் கத்துக்கிட்டீங்க?” என்றேன். அவர், “கண்ணால பார்த்தேன்கா” என்று மட்டும் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து அந்த விடுதியில் பதினோரு பெண்கள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. ஒன்பது நாள் டிரிப் ஏறியது. வீட்டுக்குக் கூட்டி வந்தபோது கன்னம் ஒட்டிப்போய் ஆளே பாதி. மற்றவர்களும் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். ஒருத்தி மட்டும் சிறுநீரகம் பாதித்து ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். விசாரித்ததில், விடுதியில் பாதிப் பெண்கள் ஒரு மாதமாக அந்த மெஸ்ஸில் சாப்பிடுவதையே விட்டுவிட்டு வெளியே ரொட்டி வாங்கித் தின்றிருக்கிறார்கள். எனக்குத் தலைக்கேறியது.

“ஏண்டி, அவளுங்களுக்கெல்லாம் நாத்தம் தெரிஞ்சுதே, உனக்கு மட்டும் மூக்கு அடைச்சிருந்துதா? நீ ஏன் தின்னே?”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திமிர் என்று நினைத்தேன்.

கான்ட்ராக்டர் எங்கள் ரிப்போர்ட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டான். பரிசோதனையில் பாஸான மெஸ், பெண்கள் வெளியே எதையோ தின்றிருக்கிறார்கள் என்று வாய் கிழியப் பேசினான். கல்லூரிக்காரர்கள் மெஸ்ஸைத் தற்காலிகமாக மூடிவிட்டு மறுபரிசோதனை கேட்டார்கள். வெள்ளிக்கிழமை பரிசோதனை, பாஸானால் திங்கட்கிழமை திறப்பு. என் மகளுக்குத் திங்கட்கிழமையிலிருந்து செய்முறைப் பரீட்சை, போயே ஆகவேண்டும், போனால் அங்கேதான் சாப்பிடவேண்டும். மற்ற இரண்டு இன்ஸ்பெக்டர்களும் வேறு ஊரில் இருந்ததால் மேனேஜர் வேண்டா வெறுப்பாக மூக்கரையே அனுப்பினார். “இந்த முறை படத்துல இருந்தா எழுதுங்க, இல்லேன்னா கையைக் கட்டிக்கிட்டு வந்துடுங்க” என்றார்.

அந்தப் போனை நம்பிப் போவதில்லை என்று மூக்கர் முடிவு செய்துவிட்டார். புதன்கிழமை மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். “அக்கா, சொந்தமா ஒரு கேமரா வாங்கப் போறேன். நீங்களும் வாங்க. பெரிய திரையில பார்க்கிற கண்ணு உங்களுது.”

போனேன். என் மகள் வயிறு சம்பந்தப்பட்டதாயிற்றே.

எனக்குக் கேமராக் கடைகளைக் கண்டாலே ஆகாது. கண்ணைக் கூசும் விளக்கு, அதற்குக் கீழே பல்லைக் காட்டும் விற்பனையாளர்கள். எங்களுக்கு வாய்த்தவன் தலையில் ஜெல் தடவி, கையில் டீக் கப்போடு வந்தான். மூக்கர், “சட்டைப் பைக்குள்ள போகணும், பஸ்ல நாள்பூரா அலையறவன் நான். இருட்டுல பிளாஷ் இல்லாம எடுக்கணும்” என்று தெளிவாகச் சொன்னார். அவன் காதில் ‘பஸ்’ என்பது மட்டும் விழுந்தது போல.

“டூர் போறீங்களா சார்? அப்ப இதுதான். அறுபது மடங்கு ஜூம். நிலாவையே பக்கத்துல கொண்டு வந்துடும்.”

“எனக்கு நிலா வேணாம் தம்பி. அலமாரிக்கு அடியில தெரியணும்.”

“ஃபேமிலி போட்டோவுக்கு ஸ்கின் டோன் சூப்பரா வரும் சார். முகத்துல ஒரு புள்ளி தெரியாது.”

“எனக்குப் புள்ளிதான் தெரியணும்” என்றார் மூக்கர்.

அவன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு ஒரு கண்ணாடி மேஜையைக் காட்டினான். அதில் பிளாஸ்டிக் ரோஜாக்கள், மேலே நாலு விளக்கு. “இதை எடுத்துப் பாருங்க சார், குவாலிட்டி தெரியும்.” வெயிலில் வைத்தால் எந்த ஓட்டைக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். ரோஜாவைக் காட்டி விற்பவனை என்ன சொல்வது? மூக்கர் நின்றபடியே இரண்டு தடவை மூச்சை இழுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

“உங்க ஆளுங்க டீ போடற இடம் எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“எதுக்கு சார்?”

“அங்க எடுத்துப் பார்க்கறேன்.”

கடையின் பின்பக்கம், கழிப்பறைக்கும் சரக்கு அறைக்கும் நடுவில் ஒரு சந்து. ஒரு கழுவு தொட்டி, மேலே டீ கெட்டில். ஒரு பல்பு, அதுவும் செத்துக்கொண்டிருந்தது. சந்துக்குள் காலை வைத்ததும் எனக்கே வாடை அடித்தது, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மூக்கர் தன் மெமரி கார்டை எடுத்து முதல் கேமராவில் போட்டார். கழுவு தொட்டிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் எடுத்தார். நிலாவைக் கொண்டுவரும் கேமரா அந்தத் தொட்டியின் அடியைக் கொண்டுவரவில்லை. கன்னங்கரேல் என்று இருந்தது, நடுவில் மிளகாய்த்தூள் தூவியது போலச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி. இரண்டாவதில் கை நடுக்கம் அப்படியே விழுந்து, ஸ்கேல் இரண்டாகத் தெரிந்தது.

மூன்றாவது ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தது. அவராகத்தான் கேட்டு எடுத்தார். ஜூம் மூன்று மடங்குகூட இல்லை, அதனால் யாரும் வாங்குவதில்லையாம். லென்ஸில் 1.8 என்று போட்டிருந்தது. “இந்த எண் சின்னதா இருந்தா வெளிச்சம் நிறைய உள்ள போகும்கா” என்றார். உள்ளே வெளிச்சத்தை வாங்கும் சென்சார் கட்டைவிரல் நகம் அளவு. மற்றவற்றில் அது சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லையாம். நடுக்கத்தைத் தாங்கும் வசதி இருந்தது. பின்னால் திரை மேல்நோக்கி மடங்கியது. தரையில் படுக்காமல் கையை மட்டும் அடியில் விட்டு, மேலிருந்து பார்த்து எடுக்கலாம். போன் சார்ஜரிலேயே சார்ஜும் ஏறும், பையில் இன்னொரு ஒயர் வேண்டாம். கடைக்காரன் வாயிலிருந்து இதில் ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் மூக்கர் பஸ்ஸில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டது.

எடுத்தார். திரையைப் பார்த்தோம். தொட்டியின் அடியில் கரப்பான் முட்டைக்கூடுகள், பழுப்பு நிறத்தில், ஒவ்வொன்றின் வரியும் தெரிந்தது. எண்ணினால் இருபத்து மூன்று. ஒன்று பாதி திறந்து, உள்ளிருந்து வெள்ளையாகக் குஞ்சு வந்துகொண்டிருந்தது. சீ! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. விற்பனையாளன் எட்டிப் பார்த்தான், தன் கையிலிருந்த டீயைப் பார்த்தான். பிறகு எங்களைத் தாண்டிக் கழிப்பறைக்குள் ஓடினான்.

“இதைக் கொடுங்க” என்றார் மூக்கர், முன்பக்கம் வந்து, காலியாக இருந்த கவுன்டரிடம்.

“கொஞ்சம் பொறுங்க தம்பி” என்றேன். “சின்னத் திரையில எல்லாம் நல்லாத்தான் தெரியும். ஆபீஸ்ல பெரிசு பண்ணிப் பார்த்துட்டு வாங்கலாம்.” நான் சொன்ன புத்திசாலித்தனமான யோசனை அது ஒன்றுதான், அதுதான் என்னைக் காட்டிக் கொடுத்தது.

கார்டோடு ஆபீசுக்கு வந்தோம். மூன்று படங்களையும் என் திரையில் விரித்தேன். மூன்றாவது அசையவில்லை, எவ்வளவு பெரிதாக்கினாலும் முட்டைக்கூட்டின் வரி வரியாகவே இருந்தது. மூக்கருக்குச் சந்தோஷம். “போன் படத்தையும் பக்கத்துல வைங்கக்கா. மேனேஜர்கிட்ட காட்டணும், ஒரு கேமராவுக்கும் இந்தக் குப்பைக்கும் என்ன வித்தியாசம்னு” என்று சொல்லி, தன் போனை ஒயரில் செருகினார். எடுத்த எதையும் அழிக்காத மனுஷன். அந்த விடுதி மாவு டிரம் படம் மூன்று மாதத்துக்கு மேலாக அவர் போனில் அப்படியே இருந்தது.

திறந்தேன்.

இருட்டுப் படம். மங்கல், பொடிப்பொடியாகப் புள்ளி. பின்சுவரில் கறுப்பாக ஒரு திட்டு. டிரம் மூடியின் விளிம்பில் கறுப்பாக, அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக, வரிசையாகப் பதினைந்து. ஸ்கேல் பக்கத்திலேயே இருந்தது. மோசமான படம்தான், ஆனால் எலிப் புழுக்கை என்று சொல்ல மூக்கர் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

“அடடே, போனோட குட்டித் திரையில வெறும் இருட்டாத்தான் இருந்துது, இங்க தெரியுதே” என்றார் மூக்கர். “அப்ப ரிப்போர்ட்ல ஏன் தெரியல?”

ரிப்போர்ட்டில் இருந்த படத்தையும் திறந்தேன். வெள்ளை மூடி. வெள்ளைச் சுவர். அதே படம், அதே ஸ்கேல்.

நடுவில் இருந்தது நான்.

என் கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் உண்டு. இருட்டுப் படத்தை வெளிச்சமாக்கி, புள்ளிகளை நீக்கி, வழவழவென்று ஆக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே மேனேஜர் சொன்னார்: “ரிப்போர்ட் பளிச்னு இருக்கணும்மா. வாங்கறவங்க முகம் சுளிக்கக் கூடாது.” எனக்கும் அந்தப் புள்ளிகளைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும், எறும்பு மொய்த்த மாதிரி. எந்தப் படம் வந்தாலும் முதலில் அந்தப் பட்டனை அழுத்துவேன். அதே பெயரில் சேமிப்பேன், பழையது அழிந்துவிடும். கேமராவின் அழுக்கு எது, சமையலறையின் அழுக்கு எது என்று அந்தப் பட்டனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, அதைத்தான் மென்று விழுங்க முடியவில்லை. மற்றப் படங்களுக்கு ஒரு தடவை அழுத்துவேன். இந்தப் படத்துக்கு இரண்டு தடவை அழுத்தினேன். என் மகள் சாப்பிடும் இடமாயிற்றே, கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்று.

மூக்கரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எல்லாப் படத்துக்குமா அழுத்துவீங்க?”

“எல்லாத்துக்கும்.”

“ஒன்பது வருஷமா?”

தலையை ஆட்டினேன்.

“நான் கண்ணு போயிடுச்சோன்னு நினைச்சேன்கா” என்றார். “டாக்டர்கிட்டகூடப் போனேன். புதுக் கண்ணாடி போட்டேன்.”

அந்தக் கண்ணாடியை நான் பார்த்திருக்கிறேன். நல்லா இருக்கு தம்பி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். தூ, என்ன பிறவி நான்!

இரண்டு படத்தையும் அச்செடுத்து மேனேஜர் மேஜையில் போட்டேன். அவர் பார்த்தார், கதவைச் சாத்தினார். “இது வெளிய போனா கம்பெனி மானம் போயிடும். வெள்ளிக்கிழமை புதுக் கேமராவுல எடுக்கப் போறாரில்ல, அதோட சரி பண்ணிடலாம். பழசை எதுக்குக் கிளறணும்?”

“பழசு பூசணம் பிடிச்சுக் கிடக்கு சார், உங்க டிராயர்ல இருந்த மாதிரி” என்றேன். “பதினோரு பொண்ணுங்க கிடந்தாங்க. அதுல ஒண்ணு நான் பெத்தது. அவருக்குக் கொடுத்த மெமோவைத் திருப்பி வாங்குங்க, இல்லேன்னா இதை நானே காலேஜுக்கு அனுப்பறேன்.”

“உங்க வேலை போகும்மா.”

“போகட்டும்.”

அவர் பூசி மெழுகுவதற்குள், என் இடத்துக்கு வந்து கல்லூரி முதல்வருக்கு எழுதினேன். இரண்டு படங்களையும் சேர்த்து, ‘மூடியில் இருந்ததை நீக்கியது நான், இன்ஸ்பெக்டர் எழுதியது சரி’ என்று மூன்று வரி. அனுப்பிவிட்டுக் கை கழுவப் போனேன். மூன்று தடவை சோப்புப் போட்டேன்.

மூக்கர் அன்றே அந்தக் கேமராவை வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் பதினாறு படம் வந்தது. மாவு டிரம்முக்குப் பின்னால் எலிக் கூடு, கந்தல் துணியும் பெண்களின் தலைமுடியுமாகப் பின்னியது. தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் பாசி, அதில் ஒரு விரல் இழுத்த கோடு. இறைச்சி வெட்டும் பலகையின் பிளவுக்குள் நெளிந்தவை. ஒன்றிலும் பவுடர் இல்லை. என் விரல் பழக்கதோஷத்தில் அந்தப் பட்டன் பக்கம் போனது, இழுத்துக்கொண்டேன். மதிய டப்பாவை அப்படியே குப்பையில் கொட்டினேன். படங்களை வந்தது வந்தபடி ஒட்டி, கீழே அவர் எழுதியதை எழுத்து மாறாமல் அடித்து அனுப்பினேன்.

சாயங்காலமே மெஸ்ஸுக்கு நிரந்தரமாகப் பூட்டுப் போட்டார்கள், கான்ட்ராக்டரை வெளியேற்றினார்கள். பெண்களுக்கு வேறு இடத்திலிருந்து சாப்பாடு. மூக்கரின் மெமோவைத் திரும்ப வாங்கினார்கள். எனக்கு ஒன்று வந்தது. வேலை இன்னும் போகவில்லை. ஒன்பது வருஷத்து ரிப்போர்ட்டுகளை எடுத்து, மூக்கர் தன் பழைய போன்களில் சேர்த்து வைத்திருக்கும் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவதுதான் இப்போது எனக்குக் கொடுத்திருக்கும் தண்டனை. மற்ற இன்ஸ்பெக்டர்கள் தங்கள் படங்களை அழித்துவிட்டார்கள், அவற்றை ஒப்பிட வழியே இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் மகள் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் திங்கட்கிழமைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பட்டனைப் பற்றிச் சொன்னேன். இரண்டு தடவை அழுத்தியதையும் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“அன்னிக்குக் கேட்டியே, ஏன் தின்னேன்னு” என்றாள்.

“ஆமா.”

“மெஸ் வாசல்ல உங்க ரிப்போர்ட்டை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தாங்கம்மா. கடைசியில தயாரித்தவர்னு உன் பேரு. நாத்தம் எனக்கும் வந்துது. ஆனா, ‘எங்கம்மா பார்த்த இடம்டி, எங்கம்மா அழுக்குன்னா விடவே மாட்டாங்க, ஒண்ணும் ஆகாது’ன்னு கூட இருந்தவளுங்ககிட்ட நான்தான் சொன்னேன். நான் சொன்னேன்னு ரெண்டு பேரு என்கூட உக்காந்து சாப்பிட்டாங்க.”

ஆஸ்பத்திரியில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்றேனே, அந்த இரண்டு பேரில் ஒருத்தி அவள்.